ஞாயிறு இரவு ரீபில்ட், திங்கள் காலை நின்றுபோன வண்டிகள்

திருநெல்வேலியில் ஒரு மருந்து மொத்த வியாபார நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை முழுவதையும் நான் ஒருத்திதான் பார்க்கிறேன். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும், இ-இன்வாய்ஸ் போகவில்லை என்றாலும், சர்வர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டேட்டாபேஸ் நிர்வாகத்தை எனக்கு யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை, தேவைப்பட்டபோது தேவைப்பட்டதை மட்டும் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றதில் இருந்த ஓட்டை 2025 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் வியாபாரத்தையே நான்கு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. என்னைப் போலத் தனி ஆளாக ஒரு சர்வரைக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் நம் ஊர்ப் பக்கம் நிறையப் பேர் இருப்பார்கள். எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று நான் ஏங்கிய விஷயங்களை அவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வேலை அதிகாலையில்தான் சூடுபிடிக்கும். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர், திசையன்விளை என்று ஏழு லைன் வண்டிகள். முதல் வண்டி ஐந்தரைக்குக் கிளம்பும். அதற்கு முன் நாலரை மணிக்கே பில் போட ஆரம்பித்துவிடுவார்கள். பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் சேர்ந்துதான் மருந்து பில் வர வேண்டும், அதனால் பில் வராமல் பெட்டி வண்டியில் ஏறாது. இத்தனையும் மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் 2016 ஸ்டாண்டர்டு பதிப்பில் ஓடும் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. மொத்தம் 58 ஜிபி. அதில் பில் வரிகள் உள்ள ஒரே டேபிள் மட்டும் 2.1 கோடி வரிகளோடு, இண்டெக்ஸ்கள் (சீக்கிரம் தேடி எடுப்பதற்கான வரிசைப் பட்டியல்கள்) உட்பட 34 ஜிபி.

2024 தீபாவளி முடிந்த பிறகு பில் திரை மந்தமானது. ஒரு கடையின் பழைய பாக்கியைத் திறந்தால் பத்து பதினைந்து விநாடி சுற்றும். மென்பொருள் விற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "வாரம் ஒருதடவை எல்லா இண்டெக்ஸையும் ரீபில்ட் பண்ணிடுங்க மேடம், சரியாயிடும்" என்று போனிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். ஏன், எதை, எவ்வளவு நேரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பதில் கிடைத்த நிம்மதியில் போனை வைத்துவிட்டேன்.

ரீபில்ட் என்றால் என்ன என்பதை எங்கள் குடோனை வைத்தே சொல்கிறேன், எனக்கும் அப்படித்தான் பிற்பாடு புரிந்தது. மருந்துப் பெட்டிகளை எழுத்து வரிசையில் ரேக்கில் அடுக்கியிருக்கிறோம். நிரம்பிய ஒரு தட்டின் நடுவில் புதிதாக ஒரு பெட்டி வைக்க வேண்டி வந்தால், பாதிப் பெட்டிகளை எடுத்துக் கடைசியில் காலியாகக் கிடக்கும் தட்டுக்கு மாற்றிவிட்டு இடம் பண்ணுவோம். நாளடைவில் வரிசை எங்கெங்கோ சிதறும், தட்டுகளும் அரைகுறையாக நிற்கும். இண்டெக்ஸிலும் 8 கேபி பக்கங்கள் இப்படித்தான் பிளந்து சிதறுகின்றன. ரீபில்ட் என்பது பக்கத்திலேயே புது ரேக் வரிசை போட்டு, எல்லாப் பெட்டிகளையும் முதலிலிருந்து அடுக்கி, முடிந்ததும் பழைய ரேக்கை அப்புறப்படுத்துவது. அதற்கு அதே அளவு வெறும் இடம் வேண்டும், அடுக்கி முடியும்வரை குடோன் கதவையும் சாத்தி வைக்க வேண்டும். ரீஆர்கனைஸ் என்று இன்னொன்று உண்டு. இருக்கிற தட்டுகளுக்குள்ளேயே பெட்டிகளை மாற்றி மாற்றி ஒழுங்கு பண்ணுவது அது. கடை திறந்திருக்கும்போதே செய்யலாம், பாதியில் நிறுத்தினாலும் அதுவரை அடுக்கியது அப்படியே இருக்கும்.

எனக்கு அந்த வித்தியாசம் அப்போது தெரியாது. எல்லா டேபிளுக்கும் வரிசையாக 'ஆல்டர் இண்டெக்ஸ் ஆல்' ரீபில்ட் கட்டளை கொடுக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, ஞாயிறு இரவு 11 மணிக்கு ஓடும்படி வைத்தேன். சர்வரில் இடம் நெருக்கடி என்பதால் கடைசிப் படியாக, கோப்பைச் சுருக்கி இடம் மீட்கும் டேட்டாபேஸ் ஷ்ரிங்க்கையும் சேர்த்தேன். டிசம்பர் முதல் வாரம் ஓடியது. திங்கட்கிழமை பில் திரை பறந்தது. எங்கள் முதலாளி அண்ணாச்சி வந்து பாராட்டிவிட்டுப் போனார். அதன்பின் பதினான்கு ஞாயிறு, இரவு ஒன்றரைக்கு முடிந்தது என்று மெயில் வரும்வரை விழித்திருந்து பார்த்துவிட்டுத்தான் தூங்கினேன்.

மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம். ஒரு சனிக்கிழமை, சர்வரே பரிந்துரைக்கிறது என்று காட்டியதால் அந்தப் பெரிய டேபிளில் இரண்டு புது இண்டெக்ஸ் சேர்த்தேன். மறுநாள் ஞாயிறு. கண் அசந்துவிட்டேன், மெயில் வந்ததா என்று பார்க்கவில்லை. விடிகாலை 4:40க்கு குடோன் தம்பி போன் பண்ணினான். "அக்கா, பில்லு ஸ்கிரீன் சுத்திக்கிட்டே கெடக்கு, ஒண்ணுமே திறக்கல." பாளையங்கோட்டையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டியதுகூட நினைவில்லை. சர்வர் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் ஒன்பது கம்ப்யூட்டர்களும் ஒரே ஒரு செஷனுக்கு, அதாவது சர்வரோடு இருக்கும் ஓர் இணைப்புக்கு, பின்னால் வரிசையில் நிற்கின்றன. அந்தச் செஷன் என் ரீபில்ட். ஆறு மணி நேரமாக அது அந்தப் பெரிய டேபிளைப் பூட்டி வைத்திருந்தது.

இந்த இடத்தில் நான் செய்த இரண்டு காரியங்கள்தான் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கக்கூடிய தொல்லையைக் காலை முழுவதும் இழுத்தன. முதலில் அந்தச் செஷனை கில் பண்ணினேன். கில் பண்ணினால் உடனே போய்விடும் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் சர்வர் அதுவரை செய்ததை எல்லாம் திருப்பிச் சுருட்ட வேண்டும், அதற்குப் பெயர் ரோல்பேக். சுருட்டி முடியும்வரை பூட்டும் விலகாது. அரை மணி நேரம் பார்த்தேன். வெளியே வண்டிக்காரர்களின் பேச்சுச் சத்தம் கேட்கிறது, ஐந்தரை தாண்டப் போகிறது. பொறுக்க முடியாமல் எஸ்கியூஎல் சர்வீஸையே ரீஸ்டார்ட் பண்ணிவிட்டேன். சர்வர் திரும்ப எழுந்தது, ஆனால் எங்கள் டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் 'இன் ரிகவரி' என்று வந்து நின்றது. பழைய பாக்கியைப் பார்ப்பதற்குக்கூட வழியில்லாமல் போனது.

விட்ட வேலையைச் சர்வர் மறக்காது. மறுபடி எழும்போது, செய்த மாற்றங்களை எல்லாம் எழுதி வைக்கும் லாக் கோப்பை ஆராய்வது, அதில் உள்ளதைத் திரும்பச் செய்வது, முடியாத வேலையைத் திருப்புவது என்று மூன்று கட்டம் போகும். எங்கள் 2016 ஸ்டாண்டர்டு பதிப்பில் மூன்றும் முடிந்தால்தான் கதவு திறக்கும். அதனால் யாருக்காவது இது நேர்ந்தால் தயவுசெய்து ரீஸ்டார்ட் பண்ணாதீர்கள். 'கில்' கட்டளையோடு 'வித் ஸ்டேட்டஸ்ஒன்லி' என்று சேர்த்துக் கொடுத்தால் எத்தனை சதவீதம் திரும்பியிருக்கிறது, ஏறக்குறைய இன்னும் எத்தனை விநாடி என்று சொல்லும். எனக்கு அது தெரிந்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருப்பேன். ரீஸ்டார்ட் ஆகிவிட்டதென்றால் எரர் லாக்கைத் திறந்து பாருங்கள், எந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் என்று அதில் வரி வரியாக வரும்.

நான் அந்த வரிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 11 சதவீதம், 12 சதவீதம். அண்ணாச்சி வந்து கதவருகே நின்றார். கோபப்படவில்லை. "ஏம்மா, வண்டி எல்லாம் நிக்குல்லா. எத்தன மணிக்கு பில்லு வரும்னு மட்டும் சொல்லு, அவங்களுக்கு நான் சொல்லிக்கிடுதேன்" என்றார். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று முழுவதிலும் எனக்கு அதிகம் வலித்தது அதுதான். அவர் திரும்பிப் போய், ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் பெட்டிகளுக்கு மட்டும் பேட்ச் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தன் கையாலேயே பில் எழுதி அம்பாசமுத்திரம் வண்டியில் ஏற்றிவிட்டார். மற்றவை அப்படியே நின்றன. 9:50க்கு டேட்டாபேஸ் திறந்தது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வாடகை வண்டிகளுக்கு இரண்டாவது நாள் வாடகை 8,800 ரூபாய். மறுநாள் மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னதற்கு 12,000. வள்ளியூர், திசையன்விளை லைனில் காத்திருக்க முடியாத கடைக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டதில் போன ஆர்டர் சுமார் 1,70,000 ரூபாய்க்கு. அதில் ஒரு கடை அதன்பின் மூன்று மாதம் எங்களிடம் வரவேயில்லை.

மதுரையிலிருந்து வந்தவர் பொறுமையானவர். என்னைக் குறை சொல்லாமல் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். முதலில் அந்த 'ஆல்' என்ற சொல். ஒரு டேபிளுக்கு 'ஆல்' என்று கொடுத்தால் அதன் எல்லா இண்டெக்ஸையும் சர்வர் ஒரே டிரான்சாக்‌ஷனாகத்தான், அதாவது முழுதாக முடியும் அல்லது முழுதாகத் திரும்பும் ஒரே வேலையாகத்தான், எடுத்துக்கொள்ளும். ஐந்து இண்டெக்ஸ் இருந்தபோது எப்படியோ தாங்கியது, நான் சேர்த்த இரண்டோடு ஏழானது. எங்கள் டேட்டாபேஸ் ஃபுல் ரிகவரி முறையில் இருப்பதால் ரீபில்ட் ஆகும் ஒவ்வொரு பக்கமும் லாக்கில் எழுதப்படும், அந்த டிரான்சாக்‌ஷன் முடியும்வரை அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. வழக்கமாக 4 ஜிபி இருக்கும் லாக் அன்று 40 ஜிபியைத் தொட்டிருந்தது. அதுவும் 10 எம்பி 10 எம்பியாக வளரும்படி யாரோ எப்போதோ வைத்த அமைப்பு. எங்கள் 2016 பதிப்பில் லாக் கோப்பு வளரும் ஒவ்வொரு முறையும் புது இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிய பிறகே எழுத முடியும், அதற்குள் எல்லாம் காத்திருக்கும். இப்படி வளர்ந்ததால் லாக் நான்காயிரத்துக்கும் அதிகமான துண்டுகளாகக் கிடந்தது. ரிகவரி ஆமை வேகத்தில் போனதற்கு அது பெரிய காரணம் என்றார். 'டிபிசிசி லாக்இன்ஃபோ' என்று கொடுத்தால் துண்டுக்கு ஒரு வரி வரும். உங்கள் சர்வரில் இன்றே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் லாக்கைச் சுருக்கி, தேவையான அளவுக்குப் பெரிய துண்டுகளாக மறுபடி வளர்த்து வையுங்கள். லாக் பேக்கப்பையும் நான் இரவில் ஒரே ஒரு தடவை எடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை.

அடுத்தது பதிப்பு. ரீபில்டை ஆன்லைனாகச் செய்தால் பில் போடுவது நிற்காது என்று எங்கோ படித்திருந்தேன். ஆனால் ஆன்லைன் வசதி என்டர்பிரைஸ் பதிப்புக்குத்தான் உண்டு, எங்கள் ஸ்டாண்டர்டில் கிடையாது. ஸ்டாண்டர்டில் கிளஸ்டர்டு இண்டெக்ஸை, அதாவது டேபிளின் வரிகளையே வரிசையாக அடுக்கி வைத்திருப்பதை, ரீபில்ட் செய்தால், அது முடியும்வரை அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. மற்ற இண்டெக்ஸ்கள் என்றால் படிக்கலாம், எழுத முடியாது. ரீஆர்கனைஸ் எந்தப் பதிப்பிலும் ஆன்லைனாகத்தான் ஓடும். கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் எந்த ஸ்கிரிப்டையும் ஓட்டாதீர்கள்.

இனி சொல்லப்போவதை எழுத எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. அந்த ஷ்ரிங்க் படி. ஷ்ரிங்க் என்பது கோப்பின் கடைசியில் உள்ள பக்கங்களை எடுத்து, முன்னால் எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்ப் போடும். வரிசை எல்லாம் அதற்குக் கணக்கில்லை. குடோனின் பின்கட்டைக் காலி பண்ண வேண்டும் என்று, ஒழுங்காக அடுக்கிய பெட்டிகளை எல்லாம் தூக்கி முன்கட்டில் கிடைத்த சந்தில் செருகுவது போல. அவர் ஒரு பழைய பேக்கப்பை என் கம்ப்யூட்டரில் ஏற்றி, ரீபில்ட் செய்து அளந்து காட்டினார். சிதறல் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிறகு ஷ்ரிங்க் செய்து அளந்தார். பெரிய இண்டெக்ஸ் 97 சதவீதம். ஆக, பதினான்கு ஞாயிறு நான் கண்விழித்து அடுக்கியதை, அதே இரவு அடுத்த படியே கலைத்துப் போட்டிருக்கிறது. ஷ்ரிங்கை வாராந்திர வேலையில் வைக்கவே கூடாது. இடம் போதவில்லை என்றால் டிஸ்க் வாங்குங்கள். எங்களுக்கு அது அந்த ஒரு காலையின் வண்டி வாடகையைவிடக் குறைவான செலவுதான்.

அப்படியானால் டிசம்பரில் பில் திரை பறந்தது எப்படி? எனக்கும் அதுதான் கேள்வி. இந்த முழு விவகாரத்திலும் நான் கற்றதில் அதற்கான விடைதான் மிகப் பெரியது. இண்டெக்ஸை ரீபில்ட் செய்யும்போது அதன் புள்ளிவிவரங்களும், அதாவது ஸ்டாடிஸ்டிக்ஸ், முழு டேபிளையும் படித்துப் புதிதாக எழுதப்படுகின்றன. எந்தத் தேதியில் ஏறக்குறைய எத்தனை வரி இருக்கிறது என்ற மதிப்பீட்டை வைத்துத்தான் சர்வர் எந்த வழியில் தேடுவது என்று முடிவு செய்கிறது. எங்கள் டேட்டாபேஸ் பழைய பதிப்பிலிருந்து மாற்றி ஏற்றியது, எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்று சொல்லும் அதன் கம்பேட்டிபிலிட்டி லெவல் பழையபடி 110லேயே கிடந்தது. அந்த லெவலில் ஒரு டேபிளின் வரிகளில் 20 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் புள்ளிவிவரம் தானாகப் புதுப்பிக்கப்படும். 2.1 கோடியில் 20 சதவீதம் 42 லட்சம். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் வரிதான் சேரும், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை கடந்த சில மாதத் தேதிகள் இருப்பதே சர்வரின் மதிப்பீட்டில் இருக்காது. அது ஒன்றிரண்டு வரிதான் இருக்கும் என்று எண்ணித் தப்பான வழியில் இறங்கும். மந்தத்துக்குக் காரணம் இது. அவர் அந்தப் பழைய நகலில் மூன்று டேபிள்களுக்குப் புள்ளிவிவரத்தை மட்டும் முழுதாகப் புதுப்பித்தார். ஆறு நிமிடம். பன்னிரண்டு விநாடி எடுத்த பாக்கித் திரை அரை விநாடியில் வந்தது. ஒரு இண்டெக்ஸைக்கூட அவர் தொடவில்லை.

அதனால், உங்கள் திரை மந்தமாக இருந்தால் முதலில் புள்ளிவிவரத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். யாரையும் பூட்டி நிறுத்தாது, லாக்கையும் ஊதச் செய்யாது. ரீபில்ட் முடித்த கையோடு 'அப்டேட் ஸ்டாடிஸ்டிக்ஸ்' வேலையை வழக்கமான சாம்பிள் அளவில் ஓட்டவும் வேண்டாம். முழுதாகப் படித்து எழுதியதை அழித்துவிட்டு, கொஞ்சம் மட்டும் படித்த மதிப்பீட்டை மேலே எழுதிவிடும்.

இப்போது எங்கள் ஞாயிறு இரவு எப்படிப் போகிறது என்றும் சொல்கிறேன். ஓலா ஹலென்கிரன் என்பவர் இலவசமாகத் தரும் பராமரிப்பு ஸ்கிரிப்டைப் பயன்படுத்துகிறேன், உலகம் முழுக்கப் பலரும் பயன்படுத்துவது. அது முதலில் அளக்கும், பிறகு தேவையானதை மட்டும், ஒவ்வொரு இண்டெக்ஸாகத் தனித்தனியே செய்யும். ஆயிரம் பக்கத்துக்குக் குறைவான, அதாவது 8 எம்பிக்கும் சிறிய இண்டெக்ஸை விட்டுவிடுகிறேன். 5 முதல் 30 சதவீதம் சிதறல் என்றால் ரீஆர்கனைஸ், 30க்கு மேல் ரீபில்ட் என்ற கணக்கு மைக்ரோசாஃப்ட் ஆவணங்களில் நெடுங்காலம் இருந்தது. அதை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. அந்த எண்களைக் கொடுத்த பால் ராண்டலே, அவை ஒரு தொடக்கத்துக்காகச் சொன்னவைதான் என்று எழுதியிருக்கிறார். நான் பெரிய டேபிளுக்கு ரீஆர்கனைஸ் மட்டுமே வைத்திருக்கிறேன். அதன் கிளஸ்டர்டு இண்டெக்ஸ் பில் எண் வரிசையில் கடைசியிலேயே வளர்வதால் அது சிதறுவதும் குறைவு. பேட்ச் எண்ணில் உள்ள இண்டெக்ஸ்தான் நடுவில் நடுவில் செருகப்பட்டுச் சீக்கிரம் சிதறும், அதற்கு மட்டும் ஃபில் ஃபேக்டர் 90 வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் 90 வைத்தால் டேட்டாபேஸ் வீணாகப் பெருத்துவிடும், அதைச் செய்யாதீர்கள். அந்த ஸ்கிரிப்டில் டைம் லிமிட் என்று ஒன்று உண்டு. கொடுத்த நேரம் தாண்டினால் புதிதாக எதையும் தொடங்காது. ஆனால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதை அது நிறுத்தாது, அதை மனதில் வைத்து நேரத்தைக் கொடுங்கள்.

சனிக்கிழமை சேர்த்த அந்த இரண்டு இண்டெக்ஸையும் எடுத்துவிட்டேன், ஏற்கனவே இருந்த ஒன்றோடு அவை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. பழைய இண்டெக்ஸ் எதையாவது நீக்க நினைத்தால், அது எத்தனை தடவை பயன்பட்டது என்ற எண்ணிக்கை சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆனதும் பூஜ்யமாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மாதக் கடைசி அறிக்கைகள், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் ஒரு சுற்று ஓடிய பிறகே எண்ணிக்கையை நம்பலாம். கம்பேட்டிபிலிட்டி லெவலை 130க்கு மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் நகலில் எல்லாத் திரைகளையும் ஓட்டிப் பார்த்தோம். பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்க்கும் பழக்கமும் அதோடு வந்தது. அதுவரை எங்கள் பேக்கப் திறக்குமா என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

போன ஞாயிறு எல்லாம் சேர்ந்து 23 நிமிடம். லாக் 6 ஜிபியைத் தாண்டவில்லை. சர்வர் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: எந்த இண்டெக்ஸ் எத்தனை ஜிபி, ரீபில்ட் ஆக எத்தனை நிமிடம், லாக் எவ்வளவு பிடிக்கும் என்று நகலில் அளந்து எழுதியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளந்து மாற்றுகிறேன். அண்ணாச்சி மறுபடி ஒருநாள் வந்து எத்தனை மணிக்கு என்று கேட்டால், அந்தத் தாளைப் பார்த்து ஒரு மணியைச் சொல்ல என்னால் முடியும்.